எட்டில் ஒரு பங்கு

எம்மா, அந்தக் கூடையில கால் பட்டுராம உக்காரு. உள்ள கண்ணாடிக் குப்பி இருக்கு. இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் நீயே இரு, எனக்குக் காத்து ஆகாது. வள்ளியூருக்கா போற? நானும் வள்ளியூருக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். நல்லதாப் போச்சு. நான் பேச்சு வாக்குல இருந்துட்டேன்னா இறங்கும்போது ஒரு தட்டுத் தட்டு.

என் பேரு ரத்னபாய். கிருபாபுரம் பள்ளிக்கூடத்துல முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆகுது. வீட்டுக்காரவ காலமாயிட்டாவ, மக பெங்களூர்ல இருக்கா. வள்ளியூர்ல யாரு இருக்கான்னு கேக்கியா? என் தம்பி பொஞ்சாதி இருக்கா, எப்சிபா. தாய் வீட்டுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. மகளையும் கூட்டிட்டுப் போயிட்டா. அவகிட்ட நாலு கேள்வி கேக்கத்தான் போறேன். ராத்திரி பூரா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே இருந்தேன், என்ன கேக்கணும், எப்பிடிக் கேக்கணும்னு. ஆறு வருஷம் ஒழுங்கா இருந்த மனுஷன ஒரே மாசத்துல தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாளே, அது நியாயமா? நீயே சொல்லு.

என் தம்பி தனசிங்கு குடிப்பான். குடிப்பான்னா சாதாரணமா இல்ல. பதினஞ்சு வருஷம். ரைஸ்மில் லாரி ஓட்டினான், அதுவும் போச்சு. எப்சிபா போட்டுட்டு வந்த நகை போச்சு. ஒரு நாள் பெனிட்டா, அவன் மக, அப்ப ரெண்டாங்கிளாஸு, எங்க பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. பிள்ளை மேடையில நிக்கி, அப்பன் உள்ள வந்து முன் வரிசையில விழுந்துட்டான். பிள்ளை அழல. டான்ஸ முடிச்சுட்டு, இறங்கி வந்து, அப்பன் வேட்டிய இழுத்து ஒழுங்கா மூடி விட்டுச்சு. நான் பக்கத்துல நிக்கேன். என் உசுரே போச்சு எனக்கு.

அதுக்கு மறுநாள் போனவன்தான், டாக்டர் கிட்ட. எப்சிபாதான் கூட்டிட்டுப் போனா. அதுக்கப்புறம் ஆறு வருஷம் தொடல. அதே பள்ளிக்கூடத்துல வேன் டிரைவர் ஆனான். வேட்டிய விட்டுட்டு காக்கிப் பேண்டு, வாரி விட்ட தலை. பிள்ளைங்க எல்லாம் தனசிங் மாமா, தனசிங் மாமான்னு உசுர விடும். பிள்ளைங்க வேன்ல இருந்து இறங்கும்போது ஒவ்வொண்ணா எண்ணி இறக்குவான். எங்கிட்டக் கணக்குப் படிச்சவன்லா.

டாக்டர் என்ன சொல்லியிருக்காருன்னா, ஒரு சொட்டுக் கூடக் கூடாது. சொட்டுன்னா சொட்டு. இருமல் மருந்து கூடப் பாத்துத்தான் குடுக்கணும்னு சொல்லியிருக்காரு. இந்த எப்சிபா அதைப் பிடிச்சுக்கிட்டா பாரு! பழைய சோத்துத் தண்ணியக் கீழ ஊத்துனா. பதநீய வாசல்லயே நிறுத்துனா. அது கூடப் பரவால்ல. திருவிருந்து ரசத்தையும் வந்து மோந்து பாக்க ஆரம்பிச்சா.

அது என்னன்னு கேக்கியா? நீங்க கோயிலுக்குப் போறவிய இல்லியா? சரி சரி. எங்க கோயில்ல, சர்ச்சுலதான், மாசத்துக்கு ஒரு தரம் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் குடுப்பாவ. எல்லாரும் பீடத்துக் கிராதி முன்னால முழங்கால் போட, ஐயர், பாஸ்டரத்தான் நாங்க அப்பிடிச் சொல்லுவோம், ஒரே பாத்திரத்துல ஆளுக்கு ஒரு வாய் குடுத்துட்டே போவாவ. எங்க பக்கம் அது புளிச்ச ரசம் கெடையாது, காய்ச்சுன ரசம். பன்னீர் திராட்சைய வேக வச்சு, வெள்ளைத் துணியில பிழிஞ்சு, சீனி போட்டு, நாலு கிராம்பு தட்டிப் போட்டு, மூணு கொதி விட்டு ஜாடியில ஊத்தி வைக்கணும். இருபத்தேழு வருஷமா எங்க கோயிலுக்கு அதைக் காய்ச்சுறது நான். நாலு ஐயர் மாறிட்டாவ, நான் மாறல. ஜெயராணின்னு ஒருத்தி இருக்கா, மாதர் சங்கத்துல, எனக்கு எப்ப மூட்டு வலி வரும், எப்ப தன் கைக்கு வரும்னு பாத்துட்டே இருக்கா. அவ வச்ச சாம்பாரே வாயில வைக்க முடியாது.

அதை விடு. எப்சிபாவ சொல்ல வந்தேன். ஒவ்வொரு திருவிருந்துக்கும் முந்துன நாளு வந்து நிப்பா. “மயினி, ரசம் புளிக்கலியே?” அப்பிடியே ஜாடி மூடியத் திறந்து மோந்து பாப்பா. எனக்கு எப்பிடி இருக்கும்? நான் காய்ச்சுனத என் அடுப்பாங்கரையில வந்து ஒருத்தி மோந்து பாக்கா. “இல்லட்டி, என் கையால காய்ச்சுனது”ன்னு சொல்லுவேன். அதுக்குப் பிறகுதான் போவா. ஆறு வருஷம் இப்பிடி. நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசுனது கெடையாது.

மூணடைப்பு தாண்டியாச்சா? இன்னும் நேரம் இருக்கு.

இந்த வருஷம் பொங்கலுக்கு மக வீட்டுக்கு பெங்களூர் போயிருந்தேன். சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. எம்மா, அது கடையா, ஊரா? அரிசி, பருப்பு, பிள்ளைகளுக்கு பிஸ்கட்டு, அதைத் தாண்டிப் போனா ஒரு சுவரு முழுக்க குப்பி. ஒயினாம். பிஸ்கட்டுக்கு அடுத்த வரிசை! பொம்பளைங்க வண்டியத் தள்ளிட்டு வந்து, கீரை எடுக்க மாதிரி எடுத்துப் போட்டுட்டுப் போறாவ. நம்ம ஊரு பிராந்திக் கடை மாதிரி கம்பி இல்ல, கூட்டம் இல்ல, நாத்தம் இல்ல. நான் நின்னு பாத்தேன். இருபத்தேழு வருஷமா ரசம் காய்ச்சுறவ, ஊரு உலகத்துல எப்பிடிக் காய்ச்சுதாவன்னு பாக்கணும்னு ஆசை இருக்காதா? தப்பா? இருக்கதுலயே விலை கம்மி நானூத்தி இருபது ரூபா. ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு பாதி விலைன்னு மஞ்சச் சீட்டு ஒட்டியிருந்தான். ரெண்டு எடுத்தேன். மக சிரிச்சா. “அம்மா, நீயா?”ன்னா. “பாக்கத்தான்ட்டி”ன்னு சொல்லி, ரெண்டையும் சேலைக்குள்ள சுத்தி ரயில்ல கொண்டு வந்து அரிசிப் பானைக்குப் பின்னால வச்சேன். வச்சதோட சரி, திறக்க மனசு வரல.

இப்ப கேளு. ஈஸ்டருக்கு முந்துன சனிக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி. மறுநாள் விடியக்காலம் நாலரைக்கு ஆராதனை, நூத்தெழுவது பேரு திருவிருந்து எடுப்பாவ. பத்து நாளைக்கு முந்தியே காய்ச்சி வச்ச ரசம். ஜாடியத் திறக்கேன், மேல வெள்ளையா ஆடை கட்டி நிக்கி. பூசணம். கீழ குமிழி விடுது. என் வாழ்நாள்ல அப்பிடி ஆனதில்ல.

அது திராட்சைக்காரன் ஏமாத்து வேலை. மழையில நனைஞ்ச பழத்தக் குடுத்துட்டான். இல்லன்னா பெனிட்டா ஈரக் கரண்டிய விட்டிருப்பா, பிள்ளைதான. நான் மூணு கொதி விடாம எறக்குனதே கெடையாது. அன்னைக்கு மட்டும் கேஸு தீரப் போற மாதிரி நீலமா மினுக்கு மினுக்குன்னுச்சு, ஒரு கொதியோட எறக்கிட்டேன். ஒரு கொதியே போதும்னுதான் புத்தகத்துல எல்லாம் எழுதியிருக்கான். அதுனால எல்லாம் இல்ல.

என்ன செய்ய? பழம் வாங்க டவுனுக்குப் போகணும், போயிட்டு வந்து எப்ப வேக வைக்க, எப்ப ஆற வைக்க? சாயங்காலம் ஆறு மணிக்கு கோயில்குட்டியார், கோயில்ல மணி அடிக்கவரு, ஜாடிய வாங்க வந்துருவாரு. ஐயரு கிட்டச் சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன சொல்லுவாவ? “பரவால்ல டீச்சர், ஜெயராணியம்மா வீட்டுல திராட்சை ஸ்குவாஷ் இருக்காம், அதை வச்சுக்கலாம்”பாவ. அடுத்த மாசத்துல இருந்து ஜெயராணியே காய்ச்சட்டும்பாவ. அந்த வார்த்தையக் கேட்டுட்டு நிக்க என்னால ஆகாதுன்னு எனக்குத் தோணிச்சு. அரிசிப் பானைக்குப் பின்னால கை போச்சு.

கதவத் தாழ் போட்டேன். ஏன் போட்டேன்னு தெரியல, பகல்தான. குப்பியில கார்க்கு கீர்க்கு எல்லாம் கெடையாது, இருமல் மருந்து மாதிரி திருகு மூடி. டம்ளர்ல ரெண்டு விரக்கடை ஊத்தினேன். நிறம்னா நிறம், எம்மா, நான் காய்ச்சுறது இந்த நிறத்துக்கு வந்ததே இல்ல, அதை ஒத்துக்கிடணும். வெளிச்சத்துல காட்டுனா பீட்ரூட்டுத் தண்ணி, ஆனா கொஞ்சம் கறுப்பு கலந்தது. மோந்து பாத்தேன். முதல்ல நவ்வாப்பழம். அப்புறம் நனைஞ்ச கோணிச்சாக்கு. அதுக்கும் அடியில ஊசி போடுறதுக்கு முந்தி நர்ஸு பஞ்சு வச்சுத் தேய்ப்பால்லா, அந்த வாசம். லேசாத்தான்.

ஒரு வாய் குடிச்சேன். முதல்ல புளிப்பு. தித்திப்பு வரும் வரும்னு பாத்தா வரல. அதுக்குப் பதிலா கட்டன் சாயா ரொம்ப நேரம் கொதிச்ச மாதிரி ஒரு துவர்ப்பு வந்து நாக்க இழுத்துப் பிடிச்சுது. பல்லெல்லாம் சொரசொரன்னு ஆயிட்டு. இதையா காசு குடுத்து வாங்குதாவன்னு நினைச்சேன். சீனி இல்ல, கிராம்பு இல்ல, ஒரு பக்குவம் இல்ல. எனக்கு ஒரு சந்தோஷம் கூட. என் ரசம் இதுக்கு எவ்வளவோ மேல. அப்பிடி நினைச்சுட்டு இருக்கும்போதே தொண்டைக்குக் கீழ ஒரு சூடு இறங்குச்சு. மெதுவா. கணுக்கால் வரைக்கும் போன மாதிரி இருந்துச்சு. மூட்டு வலி கொஞ்சம் மறந்த மாதிரி. சரியாத் தெரியலியேன்னு இன்னும் ஒரு வாய் பாத்தேன். டம்ளரு காலி.

அப்ப எனக்குத் தம்பி ஞாபகம் வந்துச்சு. வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். கண்ணாடியப் போட்டு லேபிளப் படிச்சேன். பொடி எழுத்துல பன்னெண்டரை சதவீதம்னு போட்டிருக்கான். நான் கணக்கு டீச்சர். நூத்துக்குப் பன்னெண்டரைன்னா எட்டுல ஒரு பங்கு. அதுக்குச் சரி சமமா சீனித் தண்ணி கலந்தா பதினாறுல ஒரு பங்கு. அதுல ஒரு ஆளுக்கு ரெண்டு ஸ்பூனு. அது என்ன எம்மா, ஒண்ணுமே இல்ல. ஒரு துளி. அடுப்புல ஏத்திக் கொதிக்க விட்டிருந்தா அதுவும் போயிருக்கும். ஆனா கேஸு அன்னைக்குச் சுத்தமாத் தீந்து போச்சு, புது சிலிண்டரு ராத்திரிதான் வந்துச்சு. சீனியக் கரைச்சேன், கிராம்பத் தட்டிப் போட்டேன், துணியில வடிகட்டினேன். ருசி பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. என் ரசம் மாதிரியே இருந்துச்சுன்னு சொல்லல. நல்லாருந்துச்சு.

அஞ்சரைக்கு எப்சிபா வந்தா.

“மயினி, ரசம் புளிக்கலியே?”

“இல்லட்டி. என் கையால காய்ச்சுனது.”

மூடியத் திறக்கப் போனா. “துணி கட்டி வச்சிருக்கேன், இப்பத்தான் கோயில்குட்டியார் வாராரு, சும்மா சும்மா தொறந்தா காத்துப் பட்டுரும்”னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். “எத்தனை வருஷம்ட்டி என்னைய நம்பாம இருப்ப?”ன்னேன். அவ முகம் சின்னதாப் போச்சு. “மன்னிச்சிருங்க மயினி”ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. ஆறு வருஷத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் அவ மோந்து பாக்காமப் போனா.

தண்ணி இருக்கா உங்கிட்ட? ஒரு வாய் குடு. ம்.

விடியக்காலம் கோயில் நிறைஞ்சு போச்சு. ஆம்பளைங்க வரிசை முதல்ல. நான் பொம்பளைங்க பக்கத்துல முதல் பெஞ்சு, எனக்கு எல்லாம் தெரியும். தனசிங்கு வெள்ளைச் சட்டை போட்டு முழங்கால் போட்டான். ஐயர் பாத்திரத்த அவன் வாயில வச்சாவ. எல்லாரும் ஒரு வாய் குடிச்சுட்டுத் தலையக் குனிவாவ. அவன் குனியல. நிமிந்து ஐயரப் பாத்தான். ஐயர் அடுத்த ஆளுக்குப் போயிட்டாவ. இவன் எந்திரிக்காம அப்பிடியே இருக்கான். பின்னால நின்ன ஆளு தோள்ல தட்டுன பிறகுதான் எந்திரிச்சான். பெஞ்சுக்குத் திரும்பி வரும்போது என்னைய ஒரு பார்வை பாத்தான். நான் பாட்டுப் புத்தகத்தப் பாத்துக்கிட்டேன்.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா, ஆளாளுக்கு என் கையப் பிடிக்காவ. “டீச்சர், இந்த வருஷம் ரசம் பிரமாதம்!” ஐயரம்மா கூடச் சொன்னாவ. ஜெயராணி ஒண்ணும் சொல்லல, சொல்லாததே எனக்குப் போதும். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதை மறைக்க மாட்டேன். இருபத்தேழு வருஷத்துல ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்ல.

ஏழு மணிக்கு தனசிங்கு வீட்டுக்கு வந்தான். தனியா. ஈஸ்டருக்கு எங்க வீட்டுல ஆப்பமும் கறியும் உண்டு, குடும்பமா வருவாவ. இவன் முந்தி வந்துட்டான். அடுப்பாங்கரை வாசல்ல நின்னான்.

“அக்கா, ரசம் மிச்சம் இருக்கா?”

எம்மா, நான் பதினோரு வயசுல அவனத் தூக்கி இடுப்புல வச்சவ. எங்கம்மாவ விட நான்தான் அவனுக்குச் சோறு ஊட்டுனது. பெரியவனான பிறகு ஒரு நாள் கூட, அக்கா இது நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் குடுன்னு எங்கிட்டக் கேட்டதில்ல. அவன் குடிச்ச பதினஞ்சு வருஷமும் என் முகத்தப் பாத்துப் பேசுனதே கெடையாது. அன்னைக்குக் கேக்கான். ஐம்பத்திரண்டு வயசுல கேக்கான். நான் என்ன செய்வேன்?

கோயிலுக்குக் குடுத்தது முடிஞ்சு போச்சு. ரெண்டாவது குப்பிய முந்துன நாளே ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தேன், அந்தக் குப்பி கண்ணுல படக் கூடாதுன்னு. அதுல இருந்து ஒரு டம்ளர் ஊத்துனேன். அவன் வாங்குனான். குடிக்கல. கையில வச்சுட்டே நின்னான்.

“அக்கா, இது நீ காய்ச்சுனதா?”

“வேற யாரு காய்ச்சுவா?”

“நெசமா நீதான் காய்ச்சுனியா?”

“ஏல, ஈஸ்டரும் அதுவுமா எங்கிட்டப் பொய் சத்தியம் வாங்கப் பாக்கியா? நான்தான் காய்ச்சுனேன்.”

“அப்ப சரிக்கா”ன்னான். குடிச்சான். ஒரே மூச்சுல. கண்ணுல தண்ணி நின்னுச்சு. நான் கிராம்புக் காரம்னு நினைச்சேன். டம்ளரக் கழுவி, அவனே கழுவி, கவுத்து வச்சான். “நல்லாருக்குக்கா”ன்னு சொல்லிட்டு, ஆப்பம் கூடச் சாப்பிடாமப் போயிட்டான். சாயங்காலம் பாத்தா ஹார்லிக்ஸ் பாட்டிலக் காணல.

தண்ணி கலந்திருந்தியான்னு கேக்கியா? எதுல? டம்ளர்லயா? இல்ல. அதுல கலக்கல. சீனி மட்டும் போட்டேன். அவன் நின்னுட்டே கேட்டான், அவசரம். கலக்கணும்னு தோணல. எட்டுல ஒரு பங்குதான.

அப்புறம் என்ன, திங்கக்கிழமை பிராந்திக் கடையில பாத்தாவ. அடுத்த வாரம் வேன ரோட்டோரத்துல நிறுத்திட்டு ஸ்டியரிங் மேல தலைய வச்சுத் தூங்கிட்டான். உள்ள பதினாலு பிள்ளைங்க. நல்ல வேளை, நிறுத்திட்டுத் தூங்குனான். ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல. பெனிட்டாவும் அந்த வேன்லதான் இருந்துச்சு. அந்தப் பிள்ளைதான் எல்லாரையும் கீழ இறக்கி, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி, வரிசையா நடத்திக் கூட்டிட்டு வந்துச்சு. வேலை போச்சு.

ஐயர் வீட்டுக்கு வந்தாவ. நானும் இருந்தேன், எப்சிபா இருந்தா. “தம்பி, ஆறு வருஷம் கழிச்சு எங்க ஆரம்பிச்ச? யாரு குடுத்தா? சொல்லு, யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்”னு ஐயர் கேட்டாவ. எப்சிபா அவன் முகத்தையே பாத்துட்டு இருக்கா. எனக்குக் கையில காப்பி டம்ளரு, கீழ வைக்க இடம் தெரியல. தனசிங்கு தலையத் தூக்கினான். “யாரும் குடுக்கல ஐயரே. ஈஸ்டர் அன்னைக்கு நானாத்தான் ஜங்ஷனுக்குப் போயி வாங்கிக் குடிச்சேன்”னான்.

அவனுக்குப் பொய் சொல்ல வராது, எம்மா. குடிச்ச காலத்துல கூட, குடிச்சியாலேன்னு கேட்டா ஆமான்னு சொல்லிருவான். அன்னைக்கு எப்பிடித்தான் சொன்னானோ. நான் வாயத் திறக்கலாம்னுதான் பாத்தேன். அதுக்குள்ள எப்சிபா சொல்லிட்டா. அழல, சத்தம் போடல. “யாராவது ஊத்திக் குடுத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். தானா எந்திரிச்சுப் போயிக் குடிச்ச ஆள இனி எப்பிடி நம்புறது?”ன்னு சொன்னா. மறுநாள் காலையில பெனிட்டா பையத் தூக்கிட்டு இந்தப் பஸ்லதான் போனா.

அவன் இப்ப நாகர்கோவில் பக்கம் குடிய மறக்க வைக்க இல்லம் ஒண்ணுல இருக்கான். ஐயர்தான் கொண்டு போய் விட்டாவ. ஞாயித்துக்கிழமை பாக்க விடுவாங்களாம். ஏழு ஞாயிறு போயிட்டு. யாரும் போகல. நான் எப்பிடிப் போக? கோயில் இருக்குல்லா.

நீ ஏன் அப்பிடிப் பாக்க? எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேன், எம்மா. திராட்சைக்காரனுக்கு ஒரு பங்கு. குப்பிய பிஸ்கட்டுப் பக்கத்துல வச்சு விக்கவனுக்கு ஒரு பங்கு. ஜெயராணி என் எடத்துக்கு அலையாம இருந்திருந்தா எனக்கு ஏன் அந்தப் புத்தி? அவளுக்கு ஒரு பங்கு. ருசி தெரியாம குடுத்துட்டே போன ஐயருக்கு ஒரு பங்கு. தெரிஞ்சே ஒரே மூச்சுல குடிச்சவனுக்கு ரெண்டு பங்கு. விட்டுட்டுப் போனவளுக்கு ஒண்ணு. எனக்கு மிஞ்சுனா எட்டுல ஒரு பங்கு வரும். அவ்வளவுதான். கணக்கு சரிதான். போட்டுப் பாத்தா எப்பவும் சரியாத்தான் வருது. ஆனா படுத்தா தூக்கம் வரல.

நாங்குநேரி எப்பவோ போயிட்டா? பேசுனதுல தெரியல.

கூடையில இருக்கது என்னன்னா, ரசம். நேத்து புதுசாக் காய்ச்சுனது. நெசமாவே. பழம் ஒவ்வொண்ணா பாத்து எடுத்து, மூணு கொதி விட்டு. எப்சிபா கையில குடுத்து, “இந்தாட்டி, மோந்து பாரு”ன்னு சொல்லணும். மோந்து பாத்துட்டு, மயினி நல்லாத்தான் காய்ச்சுதாவன்னு தெரிஞ்சா, அப்புறம் அந்தப் பேச்ச எடுக்கலாம். எடுத்து, நாலு கேள்வி கேட்டு... கேள்வி இல்ல. கேள்வி ஒண்ணும் இல்ல எம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அதைச் சொன்னா அவ வந்துருவா. அவனப் பாக்கப் போவா. இந்த ஞாயித்துக்கிழமையே போவா, எனக்கு அவளத் தெரியும். அதைச் சொன்னா, கோயில்ல இனி ஒருத்தரும் என் கையால...

வள்ளியூர் வந்துட்டா? இதுக்குள்ளயா?

நீ இறங்கு. நான்... கூட்டம் இறங்கட்டும். இல்ல, என்னையத் தட்டாத, எனக்குத் தெரியும். நீ இறங்கும்மா. இந்தா, இந்தக் குப்பிய நீ கொண்டு போ. வீட்டுல பிள்ளைங்க இருக்கும்லா, தண்ணி கலந்து குடு, நல்லாருக்கும். ஏன் யோசிக்க? குப்பி அந்தக் குப்பிதான். ஆமா, அந்த ஒயின் குப்பிதான், கழுவி ரெண்டு நாளு வெயில்ல காய வச்சேன், லேபிளுதான் சுரண்டச் சுரண்டப் போகல. உள்ள இருக்கது ரசம். புளிக்கல, என் கையால காய்ச்சுனது. மோந்து பாக்கியா? பாரு, நல்லாப் பாரு. நான் கோவிக்க மாட்டேன்.

வேண்டாமா?

சரி. சரிம்மா. நீ என்ன செய்வ.

பாத்து இறங்கு. எம்மா! எம்மா, ஒரு நிமிஷம், ஜன்னல் கிட்ட வா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரெண்டாவது தெரு. நீல கேட்டு, முன்னால ஒரு முருங்கை மரம் நிக்கும். எப்சிபான்னு கேளு, யாரும் காட்டுவாவ. அவகிட்டச் சொல்லு, அவன் தானாப் போகலன்னு சொல்லு. ஊத்திக் குடுத்தது மயினின்னு சொல்லு! ரத்னபாய் மயினி! காய்ச்சல, கடையில வாங்குனதுன்னு சொல்லு! எம்மா, கேக்குதா? தலைய ஆட்டு! கேட்டுச்சா?

கேட்டுச்சான்னு தெரியலியே.

என்னப்பா? ஆமா, வள்ளியூருக்குத்தான் எடுத்திருந்தேன். இறங்கல. நாகர்கோவில் ஒண்ணு குடு.